நாஸ்கா கோடுகள்: எப்படி வரைந்தார்கள்? ஏன் வரைந்தார்கள்?

தென் அமெரிக்காவின் வரைபடத்தை எடுத்து விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரையை ஒட்டிப் பெரு நாடு இருக்கிறது. அதன் தலைநகரான லிமாவிலிருந்து தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் நாஸ்கா என்ற சிறு நகரம். ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல். மறுபக்கம் ஆண்டிஸ் மலைத்தொடர். இரண்டுக்கும் நடுவே புல் பூண்டு இல்லாத பொட்டல் வெளி. இந்தப் பொட்டல் வெளியின் தரையில்தான் நாம் பார்க்கப்போகும் சித்திரங்கள் கிடக்கின்றன.

சித்திரம் என்றதும் சுவரில் மாட்டும் அளவை நினைத்துவிடாதீர்கள். இங்குள்ள சிலந்தியின் நீளம் ஏறத்தாழ 46 மீட்டர். ரீங்காரச் சிட்டு 93 மீட்டர். அதை ஒரு கால்பந்து மைதானத்தில் நீளவாக்கில் கிடத்தினால் மைதானத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். காண்டர் கழுகு 134 மீட்டர். சுருள் வால் குரங்கு ஒன்று, திமிங்கிலம் ஒன்று, இன்னும் பல பறவைகள். இவை போக, 800-க்கும் மேற்பட்ட நேர்கோடுகள். அவற்றில் சில, மேடு பள்ளம் எதையும் பொருட்படுத்தாமல் கிலோமீட்டர் கணக்கில் வளையாமல் ஓடுகின்றன. பெரிய பெரிய முக்கோணங்கள், சரிவகங்கள் வேறு. எல்லாமாகச் சேர்ந்து சுமார் 450 சதுர கிலோமீட்டர் பரப்பில் பரந்துள்ளன. 1994-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வரைந்தவர்கள் யார்? ஏறத்தாழ கி.மு. 500 முதல் கி.பி. 500 வரையில் அங்கே வாழ்ந்த பராக்கஸ் மக்களும் அவர்களுக்குப் பின் வந்த நாஸ்கா மக்களும். அவர்களிடம் எழுத்து இல்லை. இரும்புக் கருவி இல்லை. ஆகாய விமானம் இல்லை என்று சொல்லவே வேண்டியதில்லை! அப்படியிருக்க, வானத்திலிருந்து பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும் உருவங்களை அவர்கள் தரையில் நின்றே எப்படி வரைந்தார்கள்? அதைவிட, எதற்காக வரைந்தார்கள்?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். "எப்படி" என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. "ஏன்" என்பது வேறு வகைக் கேள்வி. அதில்தான் பல அறிஞர்கள் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

தரையே சிலேட்டு

நாஸ்கா தரையின் மேற்பரப்பில் செம்பழுப்பு நிறமான சிறு கற்கள் நெருக்கமாகப் பரவிக் கிடக்கின்றன. பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்றும் வெயிலும் பட்டு, இரும்பு ஆக்சைடும் மாங்கனீஸ் ஆக்சைடும் மெல்லிய மெருகு போல அவற்றின்மேல் படிந்ததால் வந்த நிறம் அது. கற்களை அகற்றிவிட்டால் அடியில் வெளிர்மஞ்சள் மண். ஆகவே அங்கே ஒரு கோடு போடுவதற்குக் கடப்பாரையும் வேண்டாம், உளியும் வேண்டாம். கற்களைப் பொறுக்கி இருபுறமும் வரப்பு போலக் குவித்தால் போதும். கரும்பலகையில் சுண்ணக்கோடு போல வெளிர்நிறக் கோடு பளிச்சென்று தெரியும். பெரும்பாலான கோடுகளின் ஆழம் ஒரு சாண்கூட இல்லை.

இவ்வளவு மெல்லிய கோடு இரண்டாயிரம் ஆண்டுகள் அழியாமல் இருக்குமா? நம் ஊரில் ஒரு மழைக்குத் தாங்காது. நாஸ்காவிலோ ஆண்டு முழுதும் பெய்யும் மழை சில மில்லிமீட்டர்தான். பெருவின் கரையோரமாக ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. அதன்மேல் உள்ள காற்றும் குளிர்ந்து கனத்துத் தாழ்வாகவே தங்கிவிடுகிறது. மேலெழுந்து மழை மேகமாவதில்லை. கிழக்கே அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக் காற்றை ஆண்டிஸ் மலை மறித்துவிடுகிறது. கடும் காற்று வீசினாலும், தரையில் பரவிய கற்கள் மண்ணைப் பறக்கவிடாமல் காக்கின்றன. ஆக, இயற்கையே அந்தச் சிலேட்டை அழிக்காமல் வைத்திருக்கிறது.

நூலும் முளைக்குச்சியும்

வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி அஸ்திவாரம் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு மூலையிலும் முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறார். முழு வீட்டையும் வானத்திலிருந்து பார்த்தா அவர் அளவு குறிக்கிறார்? கையில் உள்ள சிறு வரைபடமும் நூலும் இருந்தால் வேலை முடிந்தது. நாஸ்காவிலும் அதுவே நடந்திருக்கக்கூடும்.

நேர்கோடு போட மூன்று கம்புகள் போதும். இரண்டு கம்புகளை நட்டு, மூன்றாவது கம்பை அவற்றோடு ஒரே கோட்டில் தெரியும்படி தள்ளி நடவேண்டும். பிறகு முதல் கம்பைப் பிடுங்கி முன்னே கொண்டுபோக வேண்டும். இப்படியே போய்க்கொண்டிருந்தால் கோடு வளையாது. நில அளவைக்காரர்கள் இதே முறையைத்தான் கையாண்டுவந்தார்கள். நாஸ்காவில் சில கோடுகளின் முனையில் மரக்கட்டையின் அடிப்பகுதிகள் மண்ணில் புதைந்து கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது அது கி.பி. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்று தெரியவந்தது.

வளைவுகளுக்கு? முளையில் கட்டிய கயிறே காம்பஸ். உருவத்தைப் பெரிதாக்க இன்னொரு வழியும் உண்டு. 1982-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜோ நிக்கல் என்பவர் அதைச் செய்து காட்டினார். நாஸ்காவின் 134 மீட்டர் காண்டர் கழுகை முழு அளவில் ஒரு திடலில் வரைய முனைந்தார். ஆட்கள் மொத்தம் ஆறு பேர். எல்லாரும் உறவினர்களும் நண்பர்களுமே. அவர்களில் ஒருவன் 11 வயதுச் சிறுவன்! கருவிகள், முடிச்சுப் போட்ட கயிறு, மர முளைகள், செங்கோணம் பார்க்க மரத்தால் செய்த ஒரு சட்டம். சிறிய படத்தின் நடுவே ஓர் அச்சுக்கோடு போட்டு, கழுகின் ஒவ்வொரு முக்கியப் புள்ளியும் அச்சின் வழியே எவ்வளவு தூரத்தில், அச்சிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று அளந்தார்கள். நீங்கள் வரைபடத் தாளில் புள்ளி குறிக்கும் அதே கணக்கு. திடலிலும் அதே விகிதத்தில் 165 புள்ளிகளுக்கு முளை அடித்துச் சுண்ணாம்பால் இணைத்தார்கள். ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. விமானத்திலிருந்து படம் எடுத்துப் பார்த்தபோது கழுகு பிசகில்லாமல் இருந்தது.

இதை வைத்து, நாஸ்கா மக்கள் இதே முறையில்தான் வரைந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. எளிய கருவிகளால் இது முடியும் என்பதை மட்டுமே இச்சோதனை காட்டுகிறது. ஆனால் "மனிதனால் முடியாத காரியம்" என்ற பேச்சை முடித்துவைக்க அதுவே போதும்.

அது சரி, தரையில் நின்றால் கோடுகள் கண்ணுக்கே தெரியாது என்கிறார்களே? அது பாதி உண்மைகூட இல்லை. பெருவைச் சேர்ந்த தொல்லியலாளர் டொரிபியோ மெஹியா ஹெஸ்பே 1927-இல் இக்கோடுகளைக் கவனித்தது, பக்கத்துக் குன்றுகளில் நடந்து திரிந்தபோதுதான். மலைச்சரிவுகளில் உள்ள பழைய உருவங்களோ கீழே போகிறவர்களின் கண்ணுக்கு நேராகவே தெரியும்.

உலகின் பெரிய பஞ்சாங்கமா?

இனி இரண்டாவது கேள்வி. 1941-இல் அமெரிக்க வரலாற்றறிஞர் பால் கோசாக், பழங்கால நீர்ப்பாசனக் கால்வாய்களை ஆராய்வதற்காக நாஸ்கா பக்கம் வந்தார். இந்தக் கோடுகளில் தண்ணீர் ஓடியிருக்க வழியில்லை என்பது பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது, அவ்வளவு ஆழமற்றவை. ஜூன் 22 அன்று மாலை ஒரு கோட்டின் அருகே நின்றுகொண்டிருந்தபோது, கதிரவன் சரியாக அக்கோட்டின் மறுமுனைக்கு நேராக மறைவதைக் கண்டார். தென் அரைக்கோளத்தில் அது ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாள். கோசாக்குக்கு மெய்சிலிர்த்திருக்க வேண்டும். உலகிலேயே பெரிய வானியல் நூல் இதுதான் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார்.

அவருக்கு உதவியாக இருந்தவர் மரியா ரைஹே. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1903-இல் பிறந்தவர், கணிதம் படித்தவர், 1932-இல் பெருவுக்கு வந்தார். 1946 முதல் இக்கோடுகளை அளப்பதே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. கையில் ஓர் அளவு நாடா, ஒரு துடைப்பம்! தூசு படிந்த கோடுகளைக் கூட்டிக் கூட்டித் தெளிவாக்கினார். வெயிலில் தனியே நடந்து ஒவ்வோர் உருவத்தையும் அளந்து காகிதத்தில் ஏற்றினார். 1998-இல் மறையும்வரை அந்தச் சமவெளியை வண்டிச் சக்கரங்களிலிருந்து காப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவருடைய அளவுகள் இல்லாவிட்டால் பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளமே இராது. இக்கோடுகள் பருவகாலங்களை அறிய உதவும் பஞ்சாங்கம் என்பது அவர் உறுதியாக நம்பிய கொள்கை.

நம்பிக்கை எவ்வளவு உறுதியானாலும் சோதித்துத்தானே பார்க்க வேண்டும்? 1968-இல் வானியலறிஞர் ஜெரால்டு ஹாக்கின்ஸ் நாஸ்கா வந்தார். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் சூரிய சந்திரர்களின் திசைகளைக் காட்டுகின்றன என்று கணிப்பொறியைக் கொண்டு வாதிட்டுப் புகழ் பெற்றவர் அவர். நாஸ்காவிலும் அதுபோலவே கண்டுபிடிப்பார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் கோடுகளின் திசைகளைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்த ஹாக்கின்ஸ், வானியல் கொள்கைக்கு ஆதரவில்லை என்று கூறிவிட்டார். சில கோடுகள் கதிரவனைக் காட்டத்தான் செய்தன. தற்செயலாக எத்தனை கோடுகள் காட்டுமோ, அதைவிட அதிகமில்லை.

தற்செயல் என்பதற்குக் கணக்கு உண்டா? உண்டு. நீங்களே போட்டுப் பார்க்கலாம். கதிரவனின் முக்கியத் திசைகள் ஆறு: மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகல், இரவும் பகலும் சமமான நாள் ஆகிய மூன்றுக்கும் உதயத் திசை ஒன்று, மறையும் திசை ஒன்று. ஒரு பாகை இப்படியோ அப்படியோ விலகினாலும் சரியென்று ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு திசைக்கும் 2 பாகை. மொத்தம் 12 பாகை. வட்டம் முழுதும் 360 பாகை. 360-ஐ 12-ஆல் வகுத்தால் 30. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாலும் 30-க்கு ஒன்று கதிரவனைக் காட்டிவிடும். கோடுகள் 800 இருந்தால், சும்மாவே 26 கோடுகள் "சூரியக் கோடுகள்" ஆகிவிடும்!

கோசாக் கண்டது அந்த 26-இல் ஒன்றாக இருக்கக்கூடாதா? நிலவையும் விண்மீன்களையும் சேர்த்துக்கொண்டால் பொருத்தங்கள் மளமளவென்று பெருகும். விண்மீன்களின் உதயத் திசை நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சிறிது மாறும். எந்த நூற்றாண்டு என்பதையும் நம் விருப்பத்துக்குத் தேர்ந்துகொண்டால், எந்தக் கோட்டுக்கும் ஒரு விண்மீனைப் பிடித்துவிடலாம். பொருந்துவதை மட்டும் எண்ணிப் பொருந்தாததை விட்டுவிடுவதுதான் இங்கு நேர்ந்த பிழை. இதனால் நாஸ்கா மக்கள் வானத்தையே பார்க்கவில்லை என்று ஆகாது. சில கோடுகளுக்கு அப்படிப்பட்ட பொருள் இருந்திருக்கலாம். கோடுகள் அனைத்தும் பஞ்சாங்கம் என்பதுதான் நிற்கவில்லை.

வேற்றுக்கிரக விமான தளம்

அதே 1968-இல் எரிக் வான் டேனிக்கன் என்ற சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஒரு நூல் வெளியிட்டார். நாஸ்காவின் அகன்ற பட்டைகள் விண்வெளியிலிருந்து வந்தவர்களின் விமான ஓடுதளத்தை நினைவூட்டுகின்றன என்றது அந்நூல். பல மொழிகளில் அது விற்றுத் தீர்ந்தது. அதிலிருந்த ஒரு படம் விமானங்களை நிறுத்தும் இடம் போலவே தோன்றியது. உண்மையில் அது ஒரு பறவை உருவத்தின் கால் மூட்டு. விமானம் எங்கே? சைக்கிள்களை நிறுத்தலாம். கோள்விட்டுக் கோள் தாண்டி வருபவர்களுக்கு எதற்கு ஓடுதளம், அதுவும் இவ்வளவு மெத்தென்ற மண்ணில்? வந்து இறங்கினால் சக்கரம் புதைந்து அங்கேயே மாட்டிக்கொள்வார்கள் என்ற பொருளில் மரியா ரைஹே கேலி செய்தார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காதது அதன் கற்பனை அல்ல. பருத்தி நெய்து, பல வண்ணப் பானை வனைந்து, பாலைவனத்தில் பயிர் செய்த ஒரு மக்களின் உழைப்பை எடுத்து முகமறியாத விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிடுகிறதே, அதுதான். நாஸ்கா பானைகளைப் பாருங்கள். தரையில் உள்ள ரீங்காரச் சிட்டும் குரங்கும் திமிங்கிலமும் அவற்றின்மேல் தீட்டப்பட்டிருக்கின்றன. இதைவிடத் தெளிவான கையெழுத்து வேறென்ன வேண்டும்?

1975-இல் ஜிம் உட்மன் என்பவர், நாஸ்கா மக்கள் வெப்பக்காற்றுப் பலூனில் பறந்திருக்கலாம் என்று கருதிப் பருத்தித் துணியாலும் நாணல் படகாலும் பலூன் செய்து உயரே கிளப்பினார். சில நிமிடங்களே பறந்தது. பறக்க முடியும் என்பது வேறு, பறந்தார்கள் என்பது வேறு; பலூனுக்கான சான்று எதுவும் மண்ணில் கிடைக்கவில்லை.

நடந்து போவதற்கு

அப்படியானால் மண்ணில் கிடைத்த சான்றுகள் என்ன சொல்கின்றன? 1980-களில் ஆன்டனி அவேனி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கோடுகளின் வழியே கால்நடையாகவே சென்று ஆராய்ந்தார்கள். பல நேர்கோடுகள் சிறு குன்றுகளை மையமாகக் கொண்டு, சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரிந்து செல்வதைக் கண்டார்கள். அத்தகைய மையங்கள் 60-க்கும் மேல். அவற்றில் பல, மலையிலிருந்து நீர் இறங்கி வரும் விளிம்புகளிலும் ஆற்றோரங்களிலும் இருந்தன. பெரிய சரிவகங்கள் பலவும் நீர் ஓடும் திசையை ஒட்டியே அமைந்திருந்தன. கோடுகளின்மேல் உடைந்த பானை ஓடுகள் கிடந்தன.

விலங்கு உருவங்களை இந்தக் கோணத்தில் மறுபடி பாருங்கள். பல உருவங்கள் எங்கும் குறுக்கிடாத ஒரே கோட்டால் ஆனவை. ஒரு முனையில் நுழைந்தால், உருவம் முழுவதையும் நடந்து சுற்றி மறுமுனையில் வெளியே வரலாம். பார்ப்பதற்கான படமாக மட்டும் இருந்தால் இந்த அமைப்பு தேவையில்லை. நடப்பதற்கான பாதை என்றால் பொருத்தமே.

1990-களின் இறுதியிலிருந்து அருகிலுள்ள பால்ப்பா பகுதியில் மார்க்குஸ் ரைண்டல், ஜானி இஸ்லா ஆகியோர் தோண்டி ஆராய்ந்தபோது இக்கருத்துக்கு மேலும் வலுவூட்டும் பொருள்கள் கிடைத்தன. சரிவகங்களின் ஓரத்தில் இருந்த கல்மேடைகளில் ஸ்பாண்டிலஸ் என்ற சிவப்புச் சிப்பித் துண்டுகள் கிடந்தன. இந்தச் சிப்பி பெருவின் குளிர்ந்த கடலில் வாழ்வதில்லை. வடக்கே ஈக்குவடார் பக்கத்து வெந்நீரோட்டக் கடலிலிருந்து வரவேண்டும். ஆண்டிஸ் நாட்டு மக்கள் அதை மழையோடும் வளத்தோடும் தொடர்புபடுத்தி வணங்கியவர்கள். கோடுகளின் தரையைக் காந்தமானி கொண்டு ஆராய்ந்ததில், பலர் நடந்து நடந்து மண் இறுகிய தடங்களும் தெரிந்தன.

தண்ணீருக்கான வேண்டுதல் என்று பலர் கூறுவது இதனால்தான். அங்கே ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். நிலத்தடி நீரைக் கொண்டுவரப் "பூக்கியோ" எனும் சுரங்கக் கால்வாய்களையும், அவற்றில் இறங்கச் சுருள் வடிவக் கிணறுகளையும் அமைத்திருக்கிறார்கள். சிலவற்றில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. துளி நீருக்கு இத்தனை பாடுபட்டவர்கள், மலையையும் மழையையும் நோக்கி ஊர்வலம் போனதில் வியப்பென்ன?

ஆனாலும் ஒரே காரணத்தில் எல்லாக் கோடுகளையும் அடைத்துவிட முடியாது. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாட்டோ சகாய் குழுவினர், விமானப் படங்களைச் செயற்கை நுண்ணறிவுக் கணிப்பொறியிடம் கொடுத்துத் தேடச் செய்தார்கள். அது சுட்டிய இடங்களுக்கு நேரில் சென்று பார்த்து, 303 புதிய உருவங்களை உறுதி செய்து 2024-இல் அறிவித்தார்கள். பெரும்பாலானவை சிறியவை, சராசரியாக 9 மீட்டர். மனிதர்கள், மனிதத் தலைகள், வளர்ப்பு விலங்குகள் ஆகியவையே அவற்றில் மிகுதி. அவை பழைய ஒற்றையடிப் பாதைகளை ஒட்டி, போகிறவர்கள் பார்க்கும்படி இருக்கின்றன. புகழ் பெற்ற பெரிய உருவங்களிலோ காட்டு விலங்குகளே மிகுதி. அவை நீண்ட கோடுகளும் சரிவகங்களும் உள்ள இடங்களை ஒட்டியிருக்கின்றன. சிறியவை வழிப்போக்கர் தனியாகவோ சிலராகவோ பார்ப்பதற்கு, பெரியவை ஊரார் கூடிச் செய்த சடங்குக்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் நீடித்த ஒரு வழக்கத்தில் பல நோக்கங்கள் கலந்திருப்பது இயல்புதானே?

செய்து பாருங்கள்

நோட்டுத் தாளில் 20 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மீன் வரையுங்கள். தலையிலிருந்து வால்வரை நடுவே அச்சுக்கோடு போடுங்கள். மீனின் உருவத்தில் 25 புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அச்சின் வழித் தூரத்தையும் பக்கவாட்டுத் தூரத்தையும் அட்டவணையாக எழுதுங்கள். பள்ளி மைதானத்தில் 20 மீட்டர் கயிற்றை நேராகக் கட்டுங்கள். இதுவே உங்கள் அச்சு. தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் ஒரு மீட்டர். நான்கு பேராகச் சேர்ந்து 25 முளை அடித்து, கோலமாவால் இணையுங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் பாருங்கள். மீனின் வால் கோணியிருந்தால், எந்த முளையில் செங்கோணம் பிசகியது என்று இறங்கி வந்து தேடுங்கள்.